சான் ரமோனில் ஒழுகிய கோம்பா

சபரிநாதனுக்கு இமயமலையில் மூச்சு முட்டியது. அதை அவர் ஞானம் என்று எடுத்துக்கொண்டார். வந்த வினையெல்லாம் அதிலிருந்துதான் ஆரம்பித்தது.

மென்பொருள் கம்பெனி ஒன்றில் பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்ற மனிதர். நிர்வாகம் செய்ய வேறு எதுவும் கிடைக்காமல், வீட்டில் டிஷ்வாஷருக்குள் தட்டு அடுக்கும் முறையைச் சீர்திருத்திக்கொண்டிருந்தார். பொறுக்க முடியாமல் மனைவி அவரை ஒரு மலையேற்றக் குழுவில் சேர்த்து அனுப்பிவைத்தார். மேகமே கீழே கிடக்கும் லும்சா என்ற பள்ளத்தாக்கில், கோம்பா என்று அவர்கள் சொல்லும் ஒரு சின்னப் பௌத்த மடத்துக்குள் நுழைந்தபோது சபரிநாதனுக்குக் கண்ணில் ஒளி தெரிந்தது. காதில் மணி அடித்தது. கூட வந்த டாக்டர் பதறிப்போய் ஆக்சிஜன் சிலிண்டரை நீட்டினார். அதைத் தட்டிவிட்டு, சுவரில் வரைந்திருந்த பச்சைத் தாரா தேவியைக் காட்டி, "இதை நாம ப்ரிசர்வ் பண்ணணும்" என்று சொல்லிவிட்டு மயங்கி விழுந்தார்.

அமெரிக்காவில் தான் வசிக்கும் சான் ரமோனுக்குத் திரும்பிய கையோடு உயர்மலைப் பௌத்தப் பண்பாட்டுப் பேணல் மன்றம் பிறந்தது. தலைவர், மூன்று துணைத் தலைவர்கள், செயலாளர், மௌனத்துக்கு ஒரு குழு, வெண்ணெய்த் தேநீருக்கு ஒரு குழு, லோகோவுக்கு மட்டும் இரண்டு குழுக்கள். உறுப்பினர்களில் பௌத்தர் ஒருவரும் இல்லை. மலை ஏறக்கூடியவர்களும் அதிகம் இல்லை, முக்கால்வாசிப் பேருக்கு மூட்டுவலி. ஆனாலும் ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஏனென்றால் இதைக் கேள்விப்பட்ட, அமெரிக்காவிலேயே இன்னொரு ஊரான ஃபிரிஸ்கோவின் தமிழர்கள் சும்மா இருக்காமல், பக்கத்துப் பள்ளத்தாக்கில் இருந்த கோம்பாவைத் தத்தெடுத்துவிட்டார்கள். அது இரண்டு மாடி வேறு.

சான் ரமோனும் லும்சா கோம்பாவைத் தத்தெடுத்தது. தத்து ஒப்பந்தத்தில் ஒரு விதி: மன்றத்தின் பொதுக்குழு தீர்மானம் போடாமல் அந்தக் கட்டடத்தில் புதிதாக ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது. கூரையைச் சரிபண்ணித் தரப்போகிறார்கள் என்று நினைத்து ஊர்க்காரர்கள் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்கள்.

வெள்ளியங்கிரிக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சான் ரமோனில் குடியிருக்கும் பொள்ளாச்சிப் பக்கத்து ஆள். அடுத்தவர்கள் எழுதிய மென்பொருளில் எதை அமுக்கினால் உடையும் என்று கண்டுபிடிப்பது வேலை. அலுவலகத்திலிருந்து வந்தால் சோபாவில் படுத்து, மாட்டுத் தீவன விளம்பரம் உட்பட ஊர்ச் செய்தி எல்லாம் பார்ப்பான். மனைவி யாமினிதான், "மனுஷனுக்கு ஒரு ஹாபி வேணும்" என்று அவனை மன்றத்தில் உறுப்பினராக்கி, 'பண்பாட்டில் தோய்தல்' பயணத்துக்கும் பெயரைக் கொடுத்துவிட்டாள்.

அவன் நன்றாகவே தோய்ந்தான். லும்சாவில் இறங்கிய அன்றே தலை வெடித்தது, கோம்பாவின் வாசலிலேயே விழுந்தான். கண் திறந்தபோது ஒரு கட்டிலில் கிடந்தான். வெளியே மழை. அறை முழுக்கச் சொட்டுச் சொட்டென்று ஒழுகிக்கொண்டிருந்தது. மங்கோலிய முகமுடைய ஒருவர் குனிந்து பார்த்துச் சொன்னார்:

"ஏனுங்க, எந்திரிக்காதீங்க. சித்த அப்படியே படுத்துக்கோங்க."

செத்துப்போய்ப் பொள்ளாச்சிக்கு வந்துவிட்டோம் என்றுதான் வெள்ளியங்கிரி நினைத்தான்.

அவர் பெயர் நம்கியால். கோம்பாவின் பராமரிப்பாளர். வாலிப வயதில் பனிக்காலம் தோறும் மலையிறங்கி, கோயம்புத்தூர் காந்திபுரத்து நடைபாதையில் ஸ்வெட்டர் விற்றவர். அந்த ஊரில் ஸ்வெட்டர் வாங்க வருபவர்களைச் சம்மதிக்க வைப்பதற்காகக் கற்றுக்கொண்ட தமிழ், நாக்கில் அப்படியே உட்கார்ந்துவிட்டது.

அறையில் ஒழுகாத மூலை ஒன்றுதான். அதில்தான் கட்டில். அதை வெள்ளியங்கிரிக்குக் கொடுத்துவிட்டு நம்கியால் நனைந்துகொண்டிருந்தார். அவரிடம் காந்திபுரத்தில் வாங்கிய ஒரு குடை இருந்தது. ஆனால் அது தாரா தேவியின் தலைக்கு மேல் தூணில் கட்டியிருந்தது. அப்படியும் தேவியின் இடது கண் பாதி கரைந்து, பச்சைச் சாயம் கன்னம் வரை இறங்கியிருந்தது.

"முன்னெல்லாம் இங்க மழையே கெடையாதுங்க. பனிதான். பனி மண்ணுக்கூரை மேல சும்மா உக்காந்திருக்கும், நாங்க தள்ளிவிட்டுருவோம். இப்பத்தான் என்னமோ மழையா ஊத்துது. பட்டாளத்துக்காரங்க மிச்சமான தகரம் குடுத்திருக்காங்க, முத்தத்துல அடுக்கி வெச்சிருக்கோம். மேல போடறதுக்கு ஒரே நாள் வேலை. உங்க மன்றம் சரின்னு ஒரு தீர்மானம் போட்டாப் போதுமுங்க. இல்லீன்னா இங்கத்த ஆபீசரு விடமாட்டேங்கறாரு, அமெரிக்காக் கையெழுத்துன்னு பயப்படறாரு."

"நான் சொல்றேனுங்க. நானாச்சு" என்றான் வெள்ளியங்கிரி. காய்ச்சலில் சொன்னதுதான். ஆனாலும் அடுத்தவர் கட்டிலில் படுத்துக்கொண்டு கொடுத்த வாக்கு.

மன்றத்தின் செயற்குழு சான் ரமோனின் ஒரு பெரிய அலுவலக வளாகத்தில், வாடகைக்கு எடுத்த அறையில் கூடியது. வெள்ளியங்கிரி எழுந்து, கூரை ஒழுகுகிறது என்றான்.

"வெள்ளி, ஒழுகறதுன்னா என்னன்னு நினைக்கிறீங்க?" என்று சபரிநாதன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "பல நூறு வருஷமா அந்தக் கூரையும் வானமும் பேசிட்டு இருக்கு. நாம நடுவுல ஒரு தகரத்தைப் போட்டு அந்தக் கான்வர்சேஷனை கட் பண்றதா?"

"முன்னாடி மழையே இல்லையாமுங்க சார். இப்பத்தான் பெய்யுதாம்."

"அப்ப மழைக்கும் நாம ஒரு சான்ஸ் கொடுக்கணும்."

"தாராவோட கண்ணு கரையுதுங்க."

"அதை ஹை ரெசல்யூஷன்ல ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சே! இனிமே கரைஞ்சாலும் ஒரு கவலையும் இல்ல. ஆக்சுவலி, நேர்ல பாக்கறதை விட ஸ்கேன்ல கலர் நல்லா இருக்கு."

செயலாளர் அனந்தலக்ஷ்மி ஆன்ட்டி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். அவருக்குக் கூரை மேல் விருப்பமும் இல்லை, வெறுப்பும் இல்லை. விதிமுறை ஒன்றுதான் அவர் கண்ணுக்குத் தெரியும். ஒருமுறை சமோசா தீர்ந்துவிட்டது என்று யாரோ கத்தியபோது, அதை முன்மொழிந்தது யார் என்று கேட்டவர். "இங்க பேசி ஒண்ணும் ஆகாதுப்பா. ஆண்டு விழாவுல பொதுக்குழு கூடும். ஒருத்தர் மோஷன் கொண்டுவரணும், இன்னொருத்தர் செகண்ட் பண்ணணும், மெம்பர்ஸ் கை தூக்கணும். அப்புறம் கடவுளே வந்தாலும் மாத்த முடியாது."

அந்த ஆண்டு விழாவுக்கு ஃபிரிஸ்கோக்காரர்கள் மறைமுகமாக உதவினார்கள். தங்கள் விழாவுக்கு நிஜமான லாமா ஒருவரை வரவழைத்துவிட்டார்கள். படங்கள் வாட்ஸப்பில் வந்து குவிந்தன. சபரிநாதனுக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. லும்சாவிலிருந்து உடனடியாக யாரையாவது கூட்டிவர வேண்டும் என்றார். கூரைக்குத் தீர்மானம் கேட்கலாம் என்று நம்கியால் கிளம்பி வந்தார்.

விமான நிலையத்தில் அவரைப் பார்த்த சபரிநாதனின் முகம் சுருங்கியது. ஜீன்ஸ், ஜெர்கின், கையில் மழையில்லாத மாதமென்று தூணிலிருந்து அவிழ்த்து வந்த அந்தக் கறுப்புக் குடை.

"உங்க டிரஸ் எங்க?"

"போட்டிருக்கேனுங்களே."

"இல்ல, உங்க ட்ரெடிஷனல் டிரஸ். பரவால்ல, நாங்க ஆன்லைன்ல ஒண்ணு வாங்கி வெச்சிருக்கோம். அப்புறம், நீங்க இவ்ளோ நல்லா தமிழ் பேசறது வெளிய தெரிய வேண்டாம். ஸ்டேஜ்ல உங்க மொழியிலயே பேசுங்க. அழிஞ்சுட்டு வர்ற மொழி பாருங்க."

"எங்கூர்ல எல்லாருமு அதத்தானுங்க பேசறாங்க. அழியற மாதிரி ஒண்ணும் தெரியலீங்களே."

"அழியும், அழியும்" என்று சபரிநாதன் அவர் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார். "நாங்க இருக்கோம், கவலைப்படாதீங்க."

காரில் ஃப்ரீவே ஏறியதும் நம்கியால் வெள்ளியங்கிரியிடம் மெதுவாகக் கேட்டார்: "ஏனுங்க, இவரு நல்ல மனுசன்தானுங்களே?"

"நல்ல மனுசன்தானுங்க" என்றான் வெள்ளியங்கிரி. "அதுதான் பிரச்சினை."

ஆண்டு விழா ஒரு பள்ளிக்கூட ஹாலில். வாசலில் குத்துவிளக்கு. தீ விதிகளின்படி அது பேட்டரியில் எரிந்தது. பிரார்த்தனைச் சக்கரத்தைச் சுற்றினால் எத்தனை கலோரி குறைந்தது என்று அதன் பக்கத்திலேயே ஒரு திரை காட்டியது. வெண்ணெய்த் தேநீரில் வெண்ணெய் கிடையாது, சிலருக்கு ஆகாது என்று பாதாம் பால் ஊற்றியிருந்தார்கள். தேயிலையும் இல்லை, குழந்தைகள் தூங்க மாட்டார்களாம். மீதி இருந்த உப்புத் தண்ணீரை எல்லோரும் ஒரு வாய் குடித்து, "வெரி அதென்டிக்" என்று சொல்லிவிட்டுக் கப்பை வைக்க இடம் தேடினார்கள்.

ஐந்து முதல் எட்டு வயதுக் குழந்தைகளுக்கு மௌனப் போட்டி நடந்தது. உட்கார்ந்தபடியே தூங்கிப்போன ஒரு குழந்தை முதல் பரிசு பெற்றது. இரண்டாம் பரிசுக் குழந்தையின் அம்மா, தூக்கம் மௌனமாகாது என்று நடுவர்களிடம் முறையிட்டார். மௌனக் குழுவுக்குள் அரை மணி நேரம் சத்தமான சண்டை.

விழாவின் உச்சம் மேடையில் இருந்தது. ஒட்டுப்பலகையில் கட்டிய லும்சா கோம்பா. இளைஞரணித் தலைவன் ஷ்ரேயஸ் அதற்கு அசல் ஒழுகலும் வைத்திருந்தான். தோட்டத்துக்குச் சொட்டுநீர் விடும் குழாய்களை வாங்கி, கோம்பாவுக்கு மேலே மட்டுமல்லாமல், ஹாலின் கூரை நெடுக ஓட்டியிருந்தான். தலைவர் உரையின் முடிவில் எல்லா உறுப்பினர்களுக்கும் தலைக்குச் சில துளி, பண்பாட்டில் தோய்வதற்காக. கட்டுப்படுத்த செல்போனில் ஒரு பொத்தான்.

அதைச் சோதித்துத் தரும்படி முந்தின வாரமே வெள்ளியங்கிரியிடம் கொடுத்திருந்தார்கள். பொத்தானைச் சட்சட்டென்று மூன்று தடவை அமுக்கினால் வால்வு முழுதாகத் திறந்துகொள்கிறது, பிறகு மூடவே மாட்டேன் என்கிறது என்று அவன் எழுதிக் கொடுத்தான். ஷ்ரேயஸ் தலைவரிடம் கேட்டுவிட்டுப் பதில் அனுப்பினான்: "அங்கிள் சேஸ் இட்ஸ் நாட் எ பக். ஒழுகறது மரபு. வோன்ட் ஃபிக்ஸ்." அதாவது அது கோளாறே இல்லை, சரிசெய்யப் போவதும் இல்லை. தானே மேடையில் நிற்க வேண்டியிருந்ததால் விழாவன்று செல்போனையும் வெள்ளியங்கிரி கையிலேயே கொடுத்துவிட்டுப் போனான்.

நம்கியால் பேச அழைக்கப்பட்டார். ஆன்லைனில் வாங்கிய மெரூன் அங்கி அவருக்கு முழங்கால் வரைதான் வந்தது. தன் மொழியில் நாலு வாக்கியம் பேசிவிட்டு நிறுத்தினார். சபரிநாதன் ஒலிவாங்கியை வாங்கினார். அந்த மொழி அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது என்பதை அவர் ஒரு தடையாக நினைக்கவில்லை.

"நம்கியால்ஜி என்ன சொல்றார்னா, நம்ம மன்றத்தோட பணியைப் பார்த்து அவருக்கு வார்த்தையே வரலை."

நம்கியால் திகைத்துப்போய் ஒலிவாங்கியை வாங்கினார். "இல்லீங்க, கூரை ஒழுகுதுன்னு சொன்னேனுங்க!"

ஹால் பலமாகக் கைதட்டியது. எவ்வளவு சீக்கிரம் நம் தமிழைக் கற்றுக்கொண்டுவிட்டார் என்று முன்வரிசையில் ஒரு மாமிக்குக் கண் கலங்கியது. அவர் என்ன சொன்னார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்தது பொன்னாடை. இங்கேதான் இரண்டு பண்பாடுகள் நேருக்கு நேர் மோதின.

லும்சாவில் ஒரு வழக்கம். ஒருவர் மரியாதையாகத் துண்டு போட்டால், வயதில் மூத்தவர் அதை எடுத்துப் போட்டவர் கழுத்திலேயே திருப்பிப் போட வேண்டும். அதுதான் ஆசீர்வாதம். சபரிநாதன் சரிகைப் பொன்னாடையைப் போர்த்தினார். நம்கியால் சிரித்தபடி அதை எடுத்துச் சபரிநாதனுக்குப் போர்த்தினார். போட்டோ எடுப்பவர், "சார், போட்டோ விழலை" என்று கத்தினார். சபரிநாதன் மறுபடி போர்த்தினார். இவ்வளவு மரியாதையா என்று நெகிழ்ந்துபோன நம்கியால் இன்னும் பக்தியோடு திருப்பிப் போர்த்தினார். பொன்னாடை இங்கும் அங்கும் போய்வந்தது. ஒவ்வொரு தடவையும் ஹால் கைதட்டியது. பொன்னாடையை நன்கொடை தந்தவர் பெயரைத் தொகுப்பாளர் திரும்பத் திரும்ப வாசித்தார். சபரிநாதனுக்கு வேர்த்துக் கொட்டியது. அவர் வாழ்நாளில் பொன்னாடை விஷயத்தில் தோற்றதில்லை.

கடைசியில் வெள்ளியங்கிரி மேடைக்கு ஓடி நடுவில் நின்றான். பொன்னாடை அவன் கழுத்தில் விழுந்து ஓய்ந்தது.

அதற்குள் ஹாலைக் காலி பண்ணும் நேரம் நெருங்கிவிட்டது. சபரிநாதன் மூச்சு வாங்கியபடி அறிவித்தார்: "டைம் இல்லாததால கூரை தீர்மானத்தை அடுத்த வருஷப் பொதுக்குழுவுக்குத் தள்ளி வைக்கிறோம். இப்ப நிறைவுரை, அப்புறம் டின்னர்."

வெள்ளியங்கிரி கீழே இறங்கி நின்றான். நம்கியால் பக்கத்தில் வந்தார்.

"அடுத்த வருசம் வரைக்கும் செவுத்துல ஒண்ணும் இருக்காதுங்களே" என்றார். "போச்சாது, பரவால்ல போங்க. நீங்க சொல்லிப் பாத்தீங்க, அவ்வளவுதானுங்க."

இந்த ஆறுதல்தான் வெள்ளியங்கிரியைக் கொன்றது. தன்னைத் திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது. அந்த மனிதர் குடையைக்கூடத் தனக்குப் பிடிக்காமல் சுவருக்குப் பிடித்தவர். தான் அவருடைய ஒரே உலர்ந்த மூலையில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தவன். வெட்கம் காது வரை சுட்டது.

மேடையில் ஒட்டுப்பலகைக் கோம்பாவுக்குள் நிர்வாகிகள் புடைசூழ நின்று சபரிநாதன் நிறைவுரையைத் தொடங்கினார். "ஒழுகல் என்பது ஒரு குறை அல்ல. ஒழுகல் ஒரு கொடை. ஒவ்வொரு துளியிலயும் நம்ம ஹெரிட்டேஜ் நம்மளைத் தொடுது..."

வெள்ளியங்கிரி செல்போனை எடுத்தான். பதினெட்டு வருஷமாக அவன் செய்துவந்த வேலை அது. சட், சட், சட்.

முதலில் தலைவரின் வழுக்கையில் ஒரு துளி. அவர் புன்னகைத்தார். பிறகு குழாய்கள் மொத்தமாகத் திறந்துகொண்டன. கோம்பாவுக்குள் அருவி. ஹால் நெடுக அடைமழை. பட்டுப்புடவைகள் அலறின. முதல் பரிசுக் குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டது. இரண்டாம் பரிசின் அம்மா, "பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்று நடுவர்களைத் தேடி ஓடினார். ஷ்ரேயஸ், "இட்ஸ் நாட் க்ளோசிங்!" என்று கத்திக்கொண்டே குழாயோடு மல்லுக்கட்டினான். ஒட்டுப்பலகை ஊறி, கோம்பாவின் கூரை தலைவரின் தலையை நோக்கித் தொங்க ஆரம்பித்தது.

சபரிநாதனின் கையில் இன்னும் ஒலிவாங்கி இருந்தது. ஹால் முழுக்க அவர் குரல் கேட்டது:

"ஐயோ! யாராவது எதையாவது மேல போடுங்கப்பா! தகரமோ கிகரமோ, கூரை மேல உடனே போடுங்க!"

"ஐ செகண்ட்!" என்று வெள்ளியங்கிரி பின்னாலிருந்து கத்தினான்.

அனந்தலக்ஷ்மி ஆன்ட்டி நனைந்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். காதில் அந்தச் சொல் விழுந்துவிட்டால் பூகம்பமே வந்தாலும் அவர் கடமை தவற மாட்டார். நாற்காலி மேல் ஏறி நின்றார்.

"மோஷன் வந்திருக்கு. கூரை மேல தகரம் உடனே போடணும். தலைவரே முன்மொழிஞ்சிருக்கார். வெள்ளியங்கிரி செகண்ட் பண்ணியிருக்கார். ஆதரிக்கிறவங்க கை தூக்கலாம்!"

ஹாலில் இருந்த ஒவ்வொருவரும் தண்ணீருக்குப் பயந்து இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி வைத்திருந்தார்கள். தலைவர் உட்பட. கை தூக்காதவர் நம்கியால் ஒருவர்தான். அவர் உறுப்பினரும் அல்ல, தவிரவும் குடையை விரித்துப் பிடித்திருந்தார். அதற்குள் ஒண்டியிருந்த நான்கு மாமிகளும் பயத்தில் கையைக் கீழே இறக்கவில்லை.

"ஒருமனதா நிறைவேறியது" என்றார் ஆன்ட்டி. "எல்லாரும் ரெண்டு கை தூக்கியிருக்காங்க, ஒண்ணாத்தான் எடுத்துக்குவேன்."

"மேடம், நான் இந்தக் கூரையைச் சொன்னேன்!" என்று சபரிநாதன் பலகைக்கு அடியிலிருந்து கூவினார்.

"எந்தக் கூரைன்னு நீங்க சொல்லலை சார். அஜெண்டாவுல ஒரே ஒரு கூரைதான் இருக்கு. முடிஞ்சுது."

லும்சாவில் அடுத்த வாரமே தகரம் ஏறியது. ஊரே கூடி ஒரே நாளில் முடித்துவிட்டதாம். நம்கியால் வீடியோ அனுப்பினார். தாராவின் இடது கண் போனது போனதுதான். ஆனால் வலது கண் முழுசாக இருந்தது. தூணில் குடை இல்லை. வெள்ளியங்கிரி அதை யாமினிக்கு மூன்று தடவை போட்டுக் காட்டினான். "ஹாபி நல்லாத்தான் இருக்கு" என்றாள் அவள்.

அவன் உடனே நம்கியாலுக்குப் போன் போட்டு, விழாவன்று அமுக்கிய பொத்தானின் கதையைச் சொல்லிவிட்டுக் கேட்டான்: "கட்டிலை இப்ப எங்க போட்டிருக்கீங்க?"

"எங்க வேணுமோ அங்க போட்டுக்கலாமுங்க. அதுதானுங்க புதுக் கஷ்டம், எங்க போடறதுன்னு தெரியமாட்டேங்குது." சிரித்தார்.

ஆனால் மன்றம் சும்மா இருக்குமா? அடுத்த கூட்டத்தில் சபரிநாதன் உலர்ந்த சட்டையோடு எழுந்தார். தகரக் கூரை தன்னுடைய தொலைநோக்கு என்றார். தகரத்தில் மழை விழும் ஓசை மலையின் ஆதி இசை என்றார், ஃபிரிஸ்கோக்காரர்களிடம் இது கிடையாது என்றார். கடைசியில், இந்தத் தகரம் இன்று முதல் பேணப்பட வேண்டிய மரபுச் சின்னம் என்றும், பொதுக்குழு தீர்மானம் இல்லாமல் இதில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்றும் முன்மொழிந்தார். பதினேழு கைகள் உலர்ந்தபடி உயர்ந்தன.

வெள்ளியங்கிரி வெளியே வந்து, பார்க்கிங்கில் நின்றபடியே நம்கியாலைக் கூப்பிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னான். அந்தப் பக்கம் தகரத்தில் மழை விழும் சத்தம் கேட்டது.

"பரவால்லீங்க. தகரம் துருப்புடிச்சு ஒழுக இன்னும் நாளாகுமுங்க" என்றார் நம்கியால். "அன்னிக்கு நான் ஒரு நடை வந்துட்டுப் போறேன். ஏனுங்க, அந்தப் பொத்தானை இன்னும் சரி பண்ணிப்போடலீங்களே?"

"இல்லீங்க" என்றான் வெள்ளியங்கிரி. "அது மரபாமுங்க."